ஏழு முறை தோற்றவர் சொல்லிக் கொடுத்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது.

சீனாவின் குவாங்சோ நகரத்து நூலகம் ஒன்றின் நான்காவது மாடியில், பழைய அந்நிய மொழிப் புத்தகங்கள் இருக்கும் அறையில், ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் ஓர் ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது. சீனாவில் பரீட்சை வைத்து உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் வழக்கத்தைப் பற்றி அதில் நாற்பது பக்கம் இருக்கிறது. தம் நாட்டிலும் இதைச் செய்து பார்க்கலாமே என்று தமக்கு ஒரு நாள் தோன்றியதாக எழுதியிருக்கிறார். தமக்குத் தோன்றியதாம். முப்பத்தோராம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு: 'இவ்விவரங்களை என் ஆசிரியரிடமிருந்து பெற்றேன்.'

அந்த ஆசிரியரின் பெயரைத் தேடிக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். வந்த கப்பலின் பெயர் இருக்கிறது. குடித்த தேயிலை வகைகளின் பெயர் இருக்கிறது. வளர்த்த நாயின் பெயர்கூட இருக்கிறது. வாத்தியாரின் பெயர் இல்லை.

அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பூன் லாய்-சிம் என் சிநேகிதி. நான் புத்தகத்தை மூடிய சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"இதை நான் கதையா எழுதப் போறேன்" என்றேன்.

"கோபத்துல உக்காந்து எழுதினா கதை வராது, மனுதான் வரும்" என்றாள். "மனுவுக்குப் பதிலும் வராது. மெதுவா மூடு, பைண்டிங் போயிடும்."

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழுப்புரத்தில் குரூப் டூ இரண்டு முறை எழுதித் தோற்று, மூன்றாம் முறை எழுதப் பயந்து, துணி ஏற்றுமதி வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவன். வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. பேனா பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில், ஒரே கேள்விக்கு, பெயரை மறைத்துப் பதில் எழுதும் அந்த முறையை வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்தான் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்னார்கள். அது இங்கிருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்த சரக்கு என்று சொல்லும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்று மறுக்கிறவர்களும் உண்டு. அவர்கள் சண்டையை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அந்த வாத்தியார்.

2

முதல் தொடக்கம்: 'முத்தாற்றின் மேல் பனி விலகிய அந்தக் காலையில், கிழக்கின் ஞானம் மேற்கின் வாசலைத் தட்ட...'

அடித்துவிட்டேன். ஞானம் எந்த வாசலையும் தட்டாது. ஆள்தான் தட்ட வேண்டும். கால் வலிக்க நடந்து வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பின்வாசலைத் தட்ட வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: 'காகிதம், திசைகாட்டி, வெடிமருந்து, அச்சு என்று கிழக்கு மேற்குக்குக் கொடுத்தவை...'

இதுவும் வேண்டாம். இந்தப் பட்டியலை ஒப்பிக்கிறவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர். காகிதம் கை மாறிக் கை மாறிப் போனது. எந்தக் கை என்று யாருக்கும் தெரியாது. அதற்காக யாரிடமும் போய்ச் சண்டை போட முடியாது. ஆனால் ஓர் அறைக்குள் இரண்டு நாற்காலி போட்டு, ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்ட விஷயத்துக்குக் கை உண்டு, முகம் உண்டு. எழுதிக்கொண்டவனுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் தொடக்கம்: 'மோக் கிங்-சான் அன்றும் மூன்று செருப்போடு வீட்டை விட்டுக் கிளம்பினார்.'

இதை வைத்துக்கொள்கிறேன். (மோக் கிங்-சான் என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயர் எனக்கும் தெரியாது. இனி வருவதில் முக்கால்வாசி என் கற்பனை. அந்நியருக்குச் சீன மொழி சொல்லிக் கொடுப்பது அன்று தலை போகிற குற்றமாக இருந்தது என்பது என் கற்பனை இல்லை.)

3

மோக் கிங்-சான் அன்றும் மூன்று செருப்போடு வீட்டை விட்டுக் கிளம்பினார். இரண்டு காலில். மூன்றாவது, கையிடுக்கில் குதிகால் பிய்ந்த வெள்ளைக்காரத் தோல் செருப்பு. யாராவது மறித்தால், தைக்கக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. நகரத்தின் மேற்குப் புறத்தில் ஒரு சந்தில் காலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் மாகாணப் பரீட்சையை ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் தோற்றவர். அதாவது இருபத்தோரு வருஷம். சந்தில் அவரைக் கண்டால் வணக்கம் சொல்லுவார்கள்; அவர் தாண்டிய பிறகு சிரிப்பார்கள்.

அவர் மனைவி மூய் வீட்டில் உட்கார்ந்து துணிச் செருப்புக்கு அடித்தோல் தைப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. வாய் உண்டு.

"செருப்புத் தைக்கறவன்னு சொல்லிக்கிட்டுப் போறீங்களே, ஊசியில நூல் கோக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

"கேட்டதுக்கப்புறம் பாக்கறதுக்குத் தலை இருக்கணும்ல. உக்காருங்க இப்படி."

பத்து நாள் தைக்கக் கற்றுக்கொடுத்தாள். விரலில் குத்திக்கொண்டு அவர் முனகும்போதெல்லாம், "பெரிய பெரிய புத்தகமா மனப்பாடம் பண்ணின கை, தோல் மட்டும் கசக்குதா" என்பாள்.

[இந்த இடத்தில் லாய்-சிம் கேட்டாள்: "எதுக்கு இவரு உயிரைப் பணயம் வச்சுப் போறாரு? பணத்துக்கா?" பணத்துக்கு என்று எழுதினால் எளிது. ஆனால் நான் இரண்டு முறை தோற்றவன். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. இருபத்தோரு வருஷம் படித்து வைத்ததை ஒருவரும் வந்து கேட்கவில்லை என்றால் மனுஷனுக்கு உள்ளே ஒரு அரிப்பு வரும். அப்போது எவனாவது வந்து எதையாவது கேட்டால் போதும். பின்வாசல் என்ன, சுவரேறிக் குதித்துக்கூடப் போவான்.]

4

கேட்டவன் பெயர் ஹாலம், அந்தப் புத்தகத்தை எழுதியவன். ஆற்றோரத்தில் அந்நிய வியாபாரிகளின் கிடங்குகளும் வீடுகளும் ஒட்டிக்கொண்டு நின்ற இடத்தில், மாடியறை ஒன்றில் இருந்தான். இருபத்தாறு வயது, செம்பட்டைத் தலை. அவனைக் கெட்டவனாக எழுத இரண்டு நாள் முயன்றேன், வரவில்லை. பாடத்துக்கு ஒரு நாளும் தாமதமாக வராதவனை, வாத்தியார் வந்ததும் எழுந்து நிற்பவனைக் கெட்டவனாக்குவது கஷ்டம்.

சீனக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம், குளிரோடு மழை பெய்த ஒரு பிற்பகல்.

"ஐயா, உங்க அதிகாரிகளை யார் பிடிக்கிறார்?"

"பிடிக்கறதுக்கு அவங்க என்ன கோழியா. தேர்ந்தெடுக்கறதுன்னு சொல்லு."

"யார் தேர்ந்தெடுக்கறார்?"

"அதை அப்புறம் சொல்றேன். உன்னை யாரு தேர்ந்தெடுத்தா?"

"என் மாமா."

"உங்க மாமா பரீட்சை வச்சாரா?"

"இல்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்."

"உனக்கு என்ன தெரியும்னு எழுதினாரு?"

ஹாலம் கொஞ்சம் யோசித்தான். "நான் அவர் தங்கச்சி மகன்னு எழுதினார்."

மோக் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசை மேல் சிந்தியது. துடைத்துவிட்டு, தாளை இழுத்து வைத்துக்கொண்டு, படம் போட்டே சொன்னார். வரிசை வரிசையாக ஏழெட்டாயிரம் அறை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுத்தால் காலை மடக்க வேண்டிய அளவு. இரண்டு பலகை, ஒன்று உட்கார, ஒன்று எழுத. விடைத்தாளில் பெயர் இருக்கும் இடத்தை மடித்து ஒட்டிவிடுவார்கள். பிறகு குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எல்லாத் தாளையும் சிவப்பு மையில் நகலெடுப்பார்கள், கையெழுத்தைப் பார்த்து யார் என்று தெரிந்துவிடக் கூடாதே. திருத்துகிறவர் கையில் போவது அந்த நகல்தான். எல்லாம் முடிந்த பிறகே ஒட்டியதைப் பிரித்துப் பெயரை வாசிப்பார்கள்.

ஹாலம் எழுதிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "அப்படி இருந்தும் நீங்க ஏழு தடவை..."

"தோத்தேன். அந்தச் சொல்லும் உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேனே."

"கோபம் வரலையா ஐயா?"

"வராம? ஆனா என்னைத் தள்ளினவனுக்கு நான் யாருன்னே தெரியாது. எங்க அப்பன் யாரு, எந்தச் சந்து, ஒண்ணும் தெரியாது. எழுத்தை மட்டும் படிச்சான், தள்ளினான். உன்னை எடுத்தவருக்கு உன்னைப் பத்தி எல்லாம் தெரியும், உனக்கு என்ன தெரியும்ங்கறது மட்டும் தெரியாது. இதுல மரியாதை யாருக்கு நடந்திருக்கு, நீயே சொல்லு."

ஹாலம் ஜன்னலைப் பார்த்தான். "இதை உங்க ஊர்லயும் செஞ்சு பாக்கலாமே" என்றார் மோக்.

"முடியுமா ஐயா?"

"ஏன் முடியாது? உங்க ஊர்ல தாள் இல்லையா, பசை இல்லையா? மாமாக்கள்தான் ஒத்துக்கணும்."

("மூய் அந்தப் பரீட்சை எழுத முடியுமா?" என்று லாய்-சிம் கேட்டாள். முடியாது. எந்தப் பெண்ணும் முடியாது. நாடகக்காரன் மகன் முடியாது. பிட்டு எழுதிய உள்சட்டை போட்டுப் போனவர்களும் உண்டு. "அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன். கிழக்கு எல்லாவற்றிலும் ஒசத்தி என்று நிரூபிக்க நான் உட்காரவில்லை. சொன்னவர் பெயரைச் சொல் என்றுதான் கேட்கிறேன்.)

5

புத்தாண்டு முடிந்த மறு வாரம், பின்சந்தில் ஒரு அரசுச் சேவகன் மறித்தான். வாட்டசாட்டமான ஆள். இடுப்பில் கயிறு.

"யோவ், எங்க போறே?"

மோக் செருப்பை நீட்டினார். "தைக்கக் குடுத்தாங்க ஐயா. திருப்பிக் குடுக்கப் போறேன்."

சேவகன் செருப்பைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். நடுவிரலில் தூரிகை பிடித்துப் பிடித்துக் காய்த்த தடிப்பு, நகக்கண்ணில் மை.

"தைக்கறவனுக்கு விரல்ல எதுக்குய்யா மை?"

"தோலுக்குக் கறுப்புச் சாயம் போடுவோம் ஐயா."

சேவகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, தன் இடது காலிலிருந்து பூட்ஸைக் கழற்றி நீட்டினான். ஓரத்தில் இரண்டு விரற்கடை பிரிந்திருந்தது. "தை, பாப்போம்."

மோக் கீழே உட்கார்ந்தார். மூய் மடித்து வைத்திருந்த ஊசியும் மெழுகு நூலும் மடியில் இருந்தன. நூலை முதல் தடவையிலேயே கோத்தார். ஒவ்வொரு தையலுக்கும் மூய் குரல் காதில் கேட்டது. இழுக்காதீங்க, அமுக்குங்க. சேவகன் படியிலிருந்து குனிந்து, தலைக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பதினேழு தையல். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார்.

சேவகன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் தரையில் மிதித்துப் பார்த்தான்.

"தையல் பொம்பளத் தையல் மாதிரி இருக்கு" என்றான். "ஆனா கெட்டியா இருக்கு. போ."

அன்றைக்கும் மோக் மாடிக்குப் போனார், பாடம் சொன்னார். குரல் நடுங்கியதை ஹாலம் கவனித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் புத்தகத்தில் அந்த நாள் இல்லை.

6

இரண்டாம் மாதக் கடைசியில் வியாபாரப் பருவம் முடிந்தது. ஹாலம் ஊருக்குக் கப்பல் ஏறப் போகிறான். எழுதி வைத்திருந்த நாற்பது பக்கத்தை மோக்கிடம் கொடுத்து, சீன எழுத்து வர வேண்டிய இடங்களை நிரப்பி, தப்பு இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டான். இரண்டு பருவம் பாடம் சொல்லிச் சொல்லி மோக்குக்கும் ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. சொல் சொல்லாகத் தடவித் தடவிப் படிப்பார்.

ஒரு வாரம் படித்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் தட்டி நின்றார். 'எனக்குத் தோன்றியது.' அந்த இரண்டு சொல்லையும் அவருக்குத் தெரியும். மழை பெய்த அன்று ஹாலம் பதிலுக்குச் சொல்லிக் கொடுத்த ஆங்கில வாக்கியத்தில் அவை இருந்தன.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் மூய்.

"நான் சொன்னதை அவன் சொன்னதா எழுதியிருக்கான்."

"உங்க பேரைப் போடலையா?"

"போடலை."

"நல்லதாப் போச்சு. போட்டா தலை போகும்."

"தெரியும்."

"தெரியும்னா எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?"

அவர் சிவப்பு மையைக் குழைத்தார். தூரிகையை எடுத்து, பத்தொன்பதாம் பக்கத்தின் ஓரத்தில் சீனத்தில் எழுதினார்: 'இதை மோக் சொன்னார். பன்னிரண்டாம் மாதம், மழை நாள்.' அடுத்த பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. நாற்பது பக்கத்தில் இருபத்தாறு இடத்தில் எழுதினார். கடைசித் தாளின் அடியில், பரீட்சை திருத்துகிறவர்கள் எழுதுவது போலவே எழுதினார்: 'நடை தெளிவு. உழைப்பு உண்டு. எடுத்தாண்டதைச் சொல்லவில்லை. தேறவில்லை.'

ஏழு தடவை அந்தக் கடைசிச் சொல்லுக்கு ஆளானவர். எழுதுவது இதுதான் முதல் தடவை.

7

ஹாலம் தாள்களைப் புரட்டப் புரட்ட அவன் கழுத்து சிவந்தது.

"ஐயா, இது விளையாட்டா?"

"திருத்தித் தரச் சொன்னே. திருத்தியிருக்கேன்."

"உங்க பேரை எப்படிப் போடுவேன்? இங்கே யாராவது படிச்சா உங்களைக் கொன்னுடுவாங்க. உங்களுக்காகத்தான் நான் போடலை."

"எனக்காகவா? சரி. பத்தொன்பதாம் பக்கத்துல உனக்குத் தோணினதா எழுதியிருக்கியே, அதுவும் எனக்காகத்தானா?"

ஹாலம் தாள்களை மேசை மேல் வைத்தான். "எங்க ஊர்ல ஒரு சீனன் சொன்னான்னா கேக்க மாட்டாங்க ஐயா. ஒரு ஆங்கிலேயன் சொன்னாத்தான் கேப்பாங்க" என்றான்.

அந்தப் பையன் அந்தப் புத்தகத்தில் எழுதாத உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால் அதை அவன் வாயிலேயே வைத்தேன்.

"அப்போ பரீட்சை என்னத்துக்கு?" என்றார் மோக். "யாரு சொன்னாங்கன்னு பாக்காம, என்ன சொல்லியிருக்குன்னு பாக்கறதுதானே அது. ரெண்டு பருவம் உனக்கு வேற எதைச் சொல்லிக் குடுத்தேன்?"

ஹாலம் தலை குனிந்தான். "கீழே ஒரு குறிப்பு போடறேன். 'என் ஆசிரியர்'னு."

"போட்டுக்கோ" என்று எழுந்தார் மோக். "ஆனா நான் போட்ட மார்க்கு அப்படியேதான் இருக்கும்."

8

இனி முடிவு. லாய்-சிம் ஒன்று சொன்னாள்: மூய் ஹாலமுக்கு ஒரு ஜோடி துணிச் செருப்பு தைத்துக் கொடுக்கிறாள், அடித்தோலின் உள்மடிப்பில், படிக்கத் தெரியாதவள், கணவர் பெயரைப் பார்த்துப் பார்த்துத் தைத்து வைக்கிறாள், அவனுக்குத் தெரியாமலே அந்தப் பெயர் இங்கிலாந்து போய்ச் சேருகிறது.

அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம் என்றேன். இப்படி ஒன்றைப் படித்தால் கண் கலங்கும், கண் கலங்கினால் கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு முடிவு: ஹாலம் கப்பலில் மனம் மாறி, பேனாவை எடுத்து அந்தப் பத்தொன்பதாம்...

இல்லை. புத்தகம் அச்சாகி நூலகத்தில் இருக்கிறது. அவன் மாறவில்லை.

மூன்றாவது: மோக்கைப் பிடித்துக் கொன்றுவிடுகிறார்கள். நான் ஒரு பக்கம் அழுதுவிட்டு முடித்துக்கொள்ளலாம். மாட்டேன். கீழைத்தேசத்து ஆள் என்றால் கடைசிப் பக்கத்தில் பரிதாபமாகச் செத்துப் போக வேண்டும் என்று எவன் எழுதி வைத்தான்? இவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. அந்த வருஷம் பரீட்சை வருஷம்.

9

எட்டாம் மாதம். மோக் எட்டாவது தடவையாகப் பரீட்சைக் கூடத்துக்குள் போனார். மூன்று கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே அடைத்துப் பூட்டிவிடுவார்கள். முதல் இரண்டிலும் எப்போதும் போல் எழுதினார். மூன்றாவது கட்டத்தின் நடுவில் முழுநிலாப் பண்டிகை வந்தது. மூய் கட்டிக் கொடுத்த தாமரை விதைப் பணியாரத்தை வாசலில் சோதனை போட்டவர்கள், உள்ளே சீட்டு இருக்கிறதா என்று நாலாகப் பிளந்து கொடுத்தார்கள்.

மூன்றாவது கட்டத்தில் ஆட்சி பற்றிய கேள்விகள். நான்காவது கேள்வி இது: 'தூரதேசத்துக் கப்பல்கள் துறைமுகத்தில் ஆண்டுதோறும் பெருகுகின்றன. தொலைவிலிருந்து வந்தோரை முன்னோர் எவ்வாறு நடத்தினர்? இன்று செய்யத்தக்கது யாது?'

இதற்கு எல்லாரும் என்ன எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான அறைகளில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேயிலை கொடு, தூரத்தில் வை, முன்னோர் வழியே வழி. அதையே அவரும் எழுதலாம். தேறினாலும் தேறலாம்.

அந்தக் கூடத்தில் பதில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதை எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். பெயரை மூடித்தான் வைப்பார்கள். தோற்றவர் தாளை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். தேறியவர் தாளைத்தான் பிரிப்பார்கள். ஏழு தடவை எதற்காக ஏங்கினாரோ, அது நடந்தால் இந்தத் தடவை தலை போகும்.

வெயில் பலகை மேல் ஏறி இறங்கும் வரை தூரிகையைத் தொடவில்லை. பிறகு எழுதினார்.

'அவர்கள் எடுத்துப் போவது தேயிலை என்று நாம் எண்ணுகிறோம். எளியேன் அவர்களில் ஒருவனுக்கு மொழி சொல்லிக் கொடுத்தவன்; குற்றம் என்று அறிந்தே செய்தேன். அவன் எடுத்துப் போனது இந்தப் பரீட்சையை. இன்று அவர்கள் மாமன் மச்சானைக் கப்பலில் அனுப்புகிறார்கள். அதனால் வியாபாரத்தோடு நிற்கிறார்கள். நம் முறையில் ஆள் பொறுக்கத் தொடங்கினால், அவர்கள் பிற தேசங்களை ஆள அதிகாரிகளை அனுப்புவார்கள். அவன் நம்மிடம் கேட்டுக் கற்றான். நாம் அவனிடம் எதையும் கேட்கவில்லை. செய்யத்தக்கது: அவர்கள் மொழியைக் கற்போம், கற்பிக்கிறவனைக் கொல்லாதிருப்போம்.'

(சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவருக்கு அந்த அதிகாரிகள் வந்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆமாம், பின்னால் நடந்தது தெரிந்து எழுதுகிறவன் நான். என் அறிவில் கொஞ்சத்தை இவர் மடியில் கட்டிவிட்டேன். அவனுக்குத் தோன்றலாம் என்றால் இவருக்கும் தோன்றலாம்.)

10

வெளியே வந்தபோது மூய் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன எழுதினீங்க?"

"தெரிஞ்சதை."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதை என்று கேட்கவில்லை. "யாரு கேட்டா உங்களை?"

"அவங்கதான் கேட்டாங்க. கேள்வியாவே கேட்டாங்க."

பத்து அடி நடந்தாள். பிறகு, "இந்தத் தடவை தோத்துடணும்னு நான் சாமி கும்பிடணுமா?" என்றாள்.

"வேண்டாம்."

"ஏன்?"

"நல்லா எழுதியிருக்கேன் மூய்."

அவள் நின்றுவிட்டாள். இருபத்தோரு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. பையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, கஞ்சி குடிக்கலாம்" என்றாள்.

ஒன்பதாம் மாதம் தேறியவர்கள் பட்டியலை ஒட்டினார்கள்.

லாய்-சிம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "பேரு இருக்கா, இல்லையா?"

"நீ எதை விரும்பறே?" என்றேன்.

"இருக்கணும்" என்றாள். பிறகு, "இல்ல, இரு" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். பெயர் இருந்தால் அவர் எழுதியதை ராஜ்ஜியத்தில் ஒருவராவது படித்துச் சரி என்று சொல்லியிருக்கிறார், ஒட்டியதைப் பிரித்திருக்கிறார்கள், சேவகர்கள் கிளம்பியிருப்பார்கள். இல்லையென்றால் மூய்க்குப் புருஷன் மிஞ்சுகிறார். பதில் குப்பைக்குப் போய்விட்டது. பட்டியல் என்னிடம் இருக்கிறது, நான்தானே எழுத வேண்டும். எழுதப் போவதில்லை. இருநூறு வருஷமாக இவருக்காக மற்றவர்கள் முடிவு எடுத்தது போதும். நீங்கள் எடுப்பதாக இருந்தால், எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள்.

அவர் என்ன விரும்பினார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டியல் ஒட்டிய அன்று காலை, அந்தக் கால வழக்கப்படி முன்நெற்றியை மழித்துக்கொண்டு, இருந்ததில் நல்ல அங்கியைப் போட்டுக்கொண்டு, மூய் பின்னால் வர, முன்வாசல் தெரு வழியாகவே போனார். கூட்டம் நெருக்கியது. முழங்கையால் தள்ளிக்கொண்டு சுவர் வரைக்கும் போய்விட்டார். ஏழு தடவையும் கடைசி வரியிலிருந்து தேடிப் பழகியவர். இடம் கிடைத்தால் அடியில்தான் கிடைக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

எட்டாவது தடவை, கழுத்தை நிமிர்த்தி, முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.